தொங்குகிறவர்களுக்கு ஒரு குடை

தூக்கணாங்குருவியின் கடையில் தலையில் கட்டிக்கொள்ளும் தேக்கிலைக் குடைகள் சக்கைப்போடு போட்டன. கைக்குழந்தைக்காரியான வௌவாலும் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, வழக்கம்போலப் புளியமரத்தில் தலைகீழாகத் தொங்கியது. மழை பிடித்தது. குடை கிண்ணம்போல நிரம்பி, வௌவாலுக்கும் நெஞ்சைப் பற்றியிருந்த குட்டிக்கும் மூச்சு முட்டியது. வௌவால் பதறிப்போய்க் கடைக்குப் பறந்தது.

“கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பாருங்களேன். அணிலுக்கு நல்லாத்தானே இருக்கு?” என்றது குருவி.

“எங்களுக்குத் தொங்கித்தாங்க பழக்கம். தொங்குறவங்களுக்குன்னு ஒண்ணு பின்னக் கூடாதா?”

“உங்களை மாதிரி எத்தனை பேர் இருக்கப்போறீங்க? சரி, குறிச்சுக்கறேன். அடுத்த மழைக்குப் பார்ப்போம்.”

போன மழைக்கு வௌவாலின் அத்தை கேட்டபோதும் குருவி இப்படித்தான் குறித்துக்கொண்டது.

வௌவால் மரத்துக்குத் திரும்பி, குடையைத் தலையிலிருந்து கழற்றி, நடுவில் ஓட்டை போட்டுக் கால்களை நுழைத்து, சந்தையில் வாங்கிய பிசினால் இடைவெளியை அடைத்தது. ஓட்டையின் விளிம்பு கணுக்காலை அறுத்தது. ஆனால் குட்டி நனையாமல் தூங்கியது. அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்ட நாலு வௌவால்களுக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது.

மறுநாள் குருவியின் கடைப் பலகையில் புதிதாக ஒரு வரி இருந்தது:

“வௌவால்களுக்கும் ஏற்றது. கோளாறு ஏதும் இருந்தால் புளியமரத்து வௌவாலிடம் கேட்கவும்.”