ஆறாவது புகார்

“டீச்சர், லிஃப்ட் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்குது. உள்ள ஒரு அம்மா இருக்காங்க. அவங்கள இறக்கி விட்டுட்டுப் பின்வாசல் வழியா வந்துடறேன். நீங்க பாட்டை ஆரம்பிங்க.”

சொல்லிவிட்டு லிஃப்ட் மெக்கானிக் போனை வைத்துவிட்டார். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

வாரம் முழுக்க அவள் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். சனிக்கிழமை மாலை மட்டும்தான் டீச்சர். சர்ச் வேன் தெருத்தெருவாகப் போய் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். பாட்டு, ஒரு வசனம், பிஸ்கட், அப்புறம் பொம்மலாட்டம். உண்மையைச் சொன்னால், வசனத்துக்காக வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லோரும் வருவது நெட்டைக்காதனுக்காக.

நெட்டைக்காதன் ஒரு கழுதை. பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரில் தைத்த கைப்பொம்மை. எஜமானிடம் கோபித்துக்கொண்டு ஓடிப்போனவன். எதற்கெடுத்தாலும், “ஐயய்யோ, என் காது போச்சே” என்று மூக்கால் அலறுவான். “காது இருக்கு” என்று ஹால் முழுக்கப் பதிலுக்கு அலறும். திரைக்குப் பின்னால் குரல் கொடுப்பவர் மெக்கானிக். திரைக்கு முன்னால் எஜமானாக நிற்பவள் டீச்சர்.

போன வாரம் நெட்டைக்காதன் ஒரு குழிக்குள் விழுந்துவிட்டான். எஜமான் இறக்கிய கயிறு எட்டவில்லை. சரியாக அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு மெக்கானிக் வீட்டுக்குப் போய்விட்டார். முடிவு என்னவென்று டீச்சரிடம்கூட மூச்சு விடவில்லை.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் இன்றைக்கு எண்பது பிள்ளைகள். வேன் மூன்று நடை அடித்தது. ஒரு சிறுமி, எதற்கும் இருக்கட்டும் என்று, வீட்டில் துணி காயப்போடும் கொடியையே அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் வந்து நின்றார்.

“டீச்சரம்மா, பக்கத்து வீட்டு சார் வந்திருக்காரு. கையில பேப்பர் இருக்கு.”

பக்கத்து வீட்டு சார் ரிட்டயரான நூலகர். முப்பது வருஷம் ‘சத்தம் போடாதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர். சர்ச் ஹாலுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இதுவரை ஐந்து புகார் கொடுத்துவிட்டார். ‘காது போச்சே என்ற கூச்சல், சென்ற வாரம் மட்டும் பதினொரு முறை’ என்று அத்தனை துல்லியமாக எழுதுவார். இன்னொரு புகார் வந்தால் சனிக்கிழமை வகுப்பையே நிறுத்திவிடுவது என்று கமிட்டியில் முடிவாகியிருந்தது. அதைச் சொன்னபோது பாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“பொம்மைப் பெட்டி இருக்கற பின்னறையில உட்கார வைங்க. ஃபேன் போட்டு விடுங்க. முடிஞ்சதும் நானே வந்து வாங்கிக்கறேன்.”

வகுப்பு இன்றோடு சரி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் முடிவையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பாட்டை ஆரம்பித்தாள்.

மூன்று பாட்டு ஐந்தானது. வசனத்தை இரண்டு தடவை சொல்ல வைத்தாள். பிஸ்கட்டும் தீர்ந்தது. முன்வரிசை வாண்டுகள் தரையைத் தட்டிக்கொண்டு கழுதையைக் கேட்க ஆரம்பித்தன. இனி சமாளிக்க முடியாது என்று அவள் கைவிட்டபோது திரை அசைந்தது. இரண்டு நீளக் காதுகள் மேலே வந்தன.

“ஐயய்யோ, என் காது போச்சே.”

“காது இருக்கு!”

கூரை பறந்துவிடும் போலிருந்தது. டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குரல் கொஞ்சம் கரகரத்தது. ஓடிவந்த களைப்பாக இருக்கும்.

“நெட்டைக்காதா, கயிறு எட்டலையேப்பா. நான் என்ன பண்ணுவேன்?” என்றாள்.

“எஜமானே, கயித்த விடுங்க. இத்தன நாளா எந்தக் காதுக்காக அழுதேனோ, அந்தக் காதையே பிடிச்சு இழுங்க. ரெண்டும் நீளம்தானே?”

அப்புறம் சொல்ல வேண்டுமா? எண்பது பிள்ளைகளும் எழுந்து ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கொடி கொண்டுவந்த சிறுமி அதை உதறிவிட்டு டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். டீச்சர் மண்டியிட்டுக் காதுகளைப் பிடித்தாள். “ஐலசா, ஐலசா” என்று இழுத்த இழுப்பில் நெட்டைக்காதன் குழியிலிருந்து வெளியே வந்து எஜமானின் தோளில் முகம் புதைத்தான். ஓடிப்போனவனைத் தேடி வந்த எஜமானைப் பற்றி அவள் இரண்டு வார்த்தை பேச நினைத்திருந்தாள். யாருக்குக் கேட்கப்போகிறது? எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவளும்தான் குதித்தாள். ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தால்தான் இப்படி ஒரு முடிவு வரும் என்று மெக்கானிக்கை மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

கடைசி நடை வேன் கிளம்பியதும் அவள் போன் அடித்தது.

“டீச்சர், மன்னிச்சுக்கோங்க. அந்த அம்மாவ இப்பத்தான் இறக்கினேன். இன்னும் அஞ்சாவது மாடியிலதான் நிக்கறேன். பசங்கல்லாம் போயிட்டாங்களா?”

டீச்சர் ஓடிப்போய்த் திரையை விலக்கினாள்.

வேர்த்து விறுவிறுத்து, முழங்காலை ஊன்றி எழ முடியாமல், வலது கையில் நெட்டைக்காதனோடு உட்கார்ந்திருந்தார் நூலகர். இடது கையால் சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, தலையைக் குனிந்துகொண்டு நீட்டினார்.

‘பாஸ்டர் அவர்களுக்கு, ஆறாவது புகார். நெட்டைக்காதனைக் குழியில் தள்ளிவிட்டு ஒரு வாரம் காக்க வைப்பது கொஞ்சமும் நியாயமில்லை. இந்தச் சனிக்கிழமையும் அவனை வெளியே எடுக்காவிட்டால், நானே வந்து எடுத்துவிடுவேன்.’