வேலைக் கூலி

"இது பில்லா, இல்ல வண்டியோட விலையா?"

பெரியவர் போட்ட சத்தத்தில் தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பழுது பார்க்கும் கடையின் பெஞ்சில் காத்திருந்த கூரியர்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கடைக்கு முதலாளியும் அவர்தான், முப்பது வயதிருக்கும். "கார்புரேட்டர் கழட்டி சுத்தம் பண்ணியிருக்கேன் சார். கிளட்ச் கேபிள் புதுசு. பொருள் விலை தனியா போட்டிருக்கு, பாருங்க."

"பொருள் விலையை யாரு கேட்டா? கீழ வேலைக் கூலின்னு போட்டிருக்கீங்களே தம்பி, அதைச் சொல்லுங்க. ஒரு மணி நேர வேலைக்கு ஆயிரத்து எண்ணூறா?"

"நான் பார்த்த வண்டி அதே கோளாறோட திரும்பி வராது சார். வந்தா காசு வாங்காம பார்த்துக் குடுப்பேன். அதுக்கும் சேர்த்துத்தான்."

இதற்கெல்லாம் மசிகிற ஆளா பெரியவர்? "கடை வாடகை அதிகமோ? அதை எங்க தலையில கட்டுறீங்களோ?"

"வாடகை இல்ல சார். சொந்தக் கடை. மாடியில வீடு."

"அப்ப கடன் இருக்கும். வட்டி கட்டணும்."

"அதெல்லாம் போன வருஷமே அடைச்சாச்சு."

"வாடகையும் இல்ல, வட்டியும் இல்ல. அப்புறம் வாங்குற காசெல்லாம் எங்க போகுது? சாயங்காலமானா தண்ணி போடவா?"

கூரியர்காரர் சிரித்துவிட்டார். "இவரா? டீ வாங்கிக் குடுத்தாலே வேணாம்பாரு."

பெரியவர் உடனே அவர் பக்கம் திரும்பி நியாயம் கேட்க ஆரம்பித்தார். "நீங்களே சொல்லுங்க. எங்க வீட்டுலேருந்து இங்க வர்றதுக்குள்ள நாலு கடை இருக்கு. எவனாவது இப்படி வாங்குவானா?"

"அப்ப அந்த நாலையும் தாண்டி இவ்வளவு தூரம் ஏன் சார் தள்ளிக்கிட்டு வந்தீங்க?" என்றார் மெக்கானிக்.

நியாயமான கேள்விதான். பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து மாட்டியதும் வாய் மட்டும் மறுபடி திறந்துகொண்டது.

"ஒரு நாளைக்கு இந்த மாதிரி எத்தனை பேருக்கு மொட்டை அடிப்பீங்க?"

"எட்டு, பத்து வண்டி வரும்."

பெரியவரின் உதடு சத்தமில்லாமல் ஒரு பெருக்கல் போட்டது. "பகல் கொள்ளை," என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குள், வாசலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்த ஒருவர் ஓசைப்படாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார். மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பெயர், கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. கூலியில் பாதியைக் குறைத்து இந்த மனிதரை அனுப்பினால் கடை பிழைக்கும். ஆனால் இத்தனை நாள் வாங்கியதெல்லாம் அநியாயம் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவர் தயங்குவதைப் பார்த்த பெரியவர் நூல் விட்டுப் பார்த்தார். "பாதி வாங்கிக்கோங்க. நான் பாட்டுக்குப் போயிடறேன்."

மெக்கானிக் ஸ்கூட்டர் போன திசையை ஒரு தரம் பார்த்தார்.

"ஒரு காசு குறையாது சார். வண்டி வேணா இங்கயே நிக்கட்டும். காசு கையில இருக்கும்போது வந்து எடுத்துக்குங்க."

பெரியவர் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பர்ஸை எடுத்து, எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணி மேஜை மேல் வைத்தார்.

"உருப்படுவீங்களா நீங்கல்லாம்? இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

வண்டி ஒரே உதையில் கிளம்பிவிட்டது. அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது, முறைத்துக்கொண்டேதான் போனார்.

தெரு திரும்பியதும் ஒரு மர நிழலில் நிறுத்தி வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னங்க, போய்ப் பார்த்தீங்களா? ஆள் எப்படி?"

"அநியாயத்துக்கு வாங்குறாரு," என்றார் பெரியவர் பூரிப்போடு. "நம்ம பொண்ணைக் குடுத்துடலாம்."