மாவா, மருந்தா

மூச்சுத்திணறல் வார்டு மேசையில் இரண்டு மாத்திரைப் புட்டிகள் அருகருகே நின்றன. ஒன்று பக்கிரிசாமிக்கு, மற்றது அமலோற்பவத்துக்கு. ஒன்றில் உறக்கம் தரும் மெலடோனின் இருந்தது. மற்றதில் வெறும் மாவு. நுரையீரலைப் பிடித்த வைரஸ் காய்ச்சல் அந்த மருந்துக்குக் கேட்குமா என்று சோதித்துப் பார்த்தார்கள். எதில் எது என்பது நர்சுக்கும் தெரியாது, புட்டிகளுக்கும் தெரியாது.

“மருந்து என்கிட்டதான் இருக்கு. நீ போய்ப் போண்டா போடு,” என்று பக்கிரிசாமியின் புட்டி தினமும் சீண்டும்.

அமலோற்பவத்தின் புட்டி தன் அம்மாளையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அம்மாள் நான்கு நாளாகப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தன்னிடம் இருப்பது மருந்தாக இருக்க வேண்டுமே என்று அது வேண்டாத சாமி இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் பக்கிரிசாமி இறந்துபோனார். கட்டிலைத் துடைத்துவிட்டார்கள்.

மேசையிலேயே இருந்த அவருடைய புட்டி பேசியது. “யோசிச்சுப் பாத்தேன்ப்பா. என்கிட்ட இருந்தது மாவுதான். அவர் போனதுக்கு நான் பொறுப்பில்ல. மருந்து உன்கிட்ட. இனி உன் பாடு.”

அதன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

நர்ஸ் வந்து அமலோற்பவத்தின் புட்டியைத் திறந்தார். அந்த அம்மாள் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். உதடு நீலம் பாரித்திருந்தது. மாத்திரை அந்தக் கைகளில் விழும்போது புட்டி மறுபடியும் வேண்டிக்கொண்டது, இந்த முறை அது மாவாக இருக்கட்டும் என்று.