மூன்றாவது விரல்

தணிகாசலத்தின் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்துகொண்டே இருந்தது. மைத்துனன் நாகப்பனின் கட்டுப்போட்ட கையைத் தாங்கிப் பிடித்தபடி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, அதே வலி மாத்திரைய எழுதிக் குடுங்க. மச்சான் வலி தாங்க மாட்டான்." சொல்லி முடிப்பதற்குள் பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

டாக்டர் சத்யப்பிரியா சீட்டைப் பார்த்தார். 1991 ஜனவரியில் சுண்டுவிரல். மார்ச்சில் மோதிரவிரல். இன்று, மே மாதம், நடுவிரல். ஸ்ரீபெரும்புதூரில் எத்தனையோ தகரப் பட்டறைகள். இப்படி ஒரு கையை அவர் பார்த்ததில்லை.

"பிரஸ் மிஷின்ல யார் யார் நிப்பீங்க?"

"நாங்க ரெண்டு பேருந்தாம்மா. இவன் தகடு வெப்பான், நான் பெடல மெதிச்சா அச்சு எறங்கும். வேலைல சேத்துவுட்டதே நான்தான். ஊட்டுக்காரி தம்பியாச்சே!"

"சரி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு சாத்திக்கொண்டது.

"நாகப்பா, இந்த மாத்திரைல அபின் சத்து இருக்கு. தெரியுமா?"

நாகப்பன் தரையைப் பார்த்தான்.

"போன தடவையும் சரி, இந்தத் தடவையும் சரி, மாத்திரை தீர்ந்த ரெண்டாம் நாள் விரல் போயிருக்கு. அதுக்காக நீயே கைய உள்ள விடறியா?"

நாகப்பன் கட்டுப்போட்ட கையை மடியோடு அணைத்துக்கொண்டான். அதுவே ஒப்புதலாகப் பட்டது டாக்டருக்கு.

"உங்க முதலாளிக்கு எழுதப்போறேன்."

"வேலை போயிடும்மா. அக்கா வூட்லதான் கீறேன். எங்க போவேன்?"

"அப்ப மாத்திரைய மறந்துடு." மாத்திரைக்கென எழுதியிருந்த புதுச் சீட்டை டாக்டர் இரண்டாகக் கிழித்தார்.

நாகப்பன் பதறி எழுந்தான். "ஐயோ, கிழிக்காதீங்கம்மா! கட்டு அவுத்ததும் அதே மிஷினுக்குத்தான் போவணும். கால்ல வேணா வுழறேன், எழுதிக் குடுத்துடுங்க!"

"அவ்வளவு தூரம் அடிமையாயிட்டியா?"

சாத்திய கதவை ஒருமுறை பார்த்துவிட்டு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நான் ஒண்ணுகூட முழுங்கினதில்லம்மா. மாத்திரை தீந்துட்டா, மாமாவுக்குப் பெடல்மேல காலு தன்னால ஒதறுது."