அக்காவின் தும்மல்

"இவ தும்மல் நிஜத் தும்மலே இல்லீங்க" என்று அம்மா அப்பாவின் காதைக் கடித்தாள். "நிஜமா தும்முறவ கண்ணை மூடுவா. இவ கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே தும்முறா."

நாய்க்குட்டி விற்கும் ஒரு வயதான அம்மாளின் வீட்டுப் பின்புறம், கூண்டுகளுக்கு நடுவே நாலு பேரும் நின்றிருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு. அப்பா சலூனைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். "நீங்க ரெண்டு பேரும் எதைக் கை காட்டுறீங்களோ அதுதான். நான் குறுக்க பேச மாட்டேன்" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

நியாயமாக முதல் கூண்டிலேயே விஷயம் முடிந்திருக்க வேண்டும். அதில் இருந்தது உடம்பெல்லாம் சடை தொங்கும் பெரிய ஜாதிக் குட்டி. பதினோரு வயது அக்கா ரெண்டு வருஷமாகக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து தள்ளியது அதைத்தான். பேர்கூடத் தயார்: கரடி. தம்பியும் கரடிக் கட்சிதான். பார்த்த மாத்திரத்தில் ரெண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒரு போன் வருது" என்று அப்பா வாசலுக்குப் போனார். கூட்டி வரப் போன அக்கா, திரும்பி வந்ததும் தும்மினாள்.

"கரடி வேணாம். எனக்கு ஒத்துக்கல."

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. "இப்பத்தானே அதுக்கு முத்தம் குடுத்தே?"

"அதான் ஒத்துக்கல."

அடுத்த கூண்டில் ஒரு தும்மல். அதற்கடுத்த கூண்டில் ரெண்டு. அப்பாவுக்கும் கூண்டுக்கு ஒரு போன் வந்தது. திரும்பும்போதெல்லாம் கண் சிவந்திருந்தது. "வெளியில ஒரே தூசி" என்றார்.

கடைசிக் கூண்டில் சுருட்டை முடியோடு ஒரு பூடில் குட்டி. அக்கா குனிந்து பார்த்தாள். தும்மல் வரவில்லை.

"அப்படி வா வழிக்கு" என்றாள் அம்மா. "ரிப்பன் கட்டலாம், கிளிப் மாட்டலாம். அதுக்குத்தான் இத்தனை கூத்தும்."

"பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு நல்ல குட்டிதாம்மா" என்றார் குட்டி விற்கும் அம்மாள். "புத்தி ஜாஸ்தி. முடியும் அவ்வளவா கொட்டாது. ஆனா ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் ஆளுக்கு ஆள் மாறும். அரை மணி நேரம் மடியில வெச்சுப் பாத்துட்டு வாங்குங்க. நாலு நாள் கழிச்சுத் திருப்பிக் கொண்டாந்தா குட்டி ஏங்கிப் போயிடும்."

குட்டியை அக்காவிடம் நீட்டினார். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"அப்பா மடியில வைங்க."

"அவர் எதுக்குடி? தும்மல் உனக்குத்தானே?"

"என்னோடது புதுச் சட்டை. முடி ஒட்டும்."

"கொட்டாதுன்னு இப்பத்தானே சொன்னாங்க?" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இப்படி ஒரு சுயநலத்தை யார் வயிற்றில் இருந்து கொண்டுவந்தாளோ என்று யோசித்து, அது தன் வயிறுதான் என்பதால் அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

அப்பா அரை மணி நேரம் குட்டியை மடியில் வைத்திருந்தார். அது அவர் சட்டைப் பொத்தானைச் சப்பித் தீர்த்தது. எதிரே உட்கார்ந்து அக்கா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் எதுவும் வரவில்லை.

"முடி மட்டும் வளந்துக்கிட்டே இருக்கும். ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை வெட்டணும், பரவாயில்லையா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"நாள் முழுக்க நான் அதைத்தாம்மா பண்றேன்" என்று அப்பா சிரித்தார். "இதாவது நாற்காலியில உக்காந்து அரசியல் பேசாது."

பூடில் வீட்டுக்கு வந்தது. "பேராவது கரடின்னு இருக்கட்டும்" என்று தம்பி அழுததால், முழங்கால் உயரம்கூட இல்லாத அதற்குக் கரடி என்றே பேர் வைத்தார்கள். ஒரே வாரத்தில் அது கை கொடுக்கக் கற்றுக்கொண்டது. அடுத்த வாரம் சமையலறை அலமாரியைத் திறக்கவும் கற்றுக்கொண்டது. தம்பி கரடியை மன்னித்துவிட்டான். அக்காவை மட்டும் மன்னிக்கவில்லை.

ஒன்றரை மாதம் போனது. துணி காயப்போட அம்மா மாடிக்கு ஏறும்போது, மேல்வீட்டுக்கு விருந்தாளியோடு வந்திருந்த பெரிய சடை நாயைப் படியில் பார்த்தாள். அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அக்கா.

அம்மா வாளியோடு அப்படியே நின்றாள். அஞ்சு நிமிஷம் ஆனது. நாய்தான் ஒரு தடவை தும்மியது.

"மாட்டினியா?"

அக்கா துள்ளி எழுந்தாள்.

"ரிப்பன் ஆசைக்குத் தம்பி நினைப்புல மண்ணை அள்ளிப் போட்டியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"நான் எப்பம்மா ரிப்பன் கட்டினேன்?"

கரடியின் தலையில் ஒரு நாள்கூட ரிப்பனைப் பார்த்ததாக அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

"பின்ன ஏண்டி அந்தத் தும்மு தும்மினே?"

கீழே வீட்டில் முடிவெட்டும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "கரடி, தலையை ஆட்டாதடா, கோணையாப் போயிடும்" என்று அப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. அன்னைக்கு அவருக்குப் போனே வரல. வாசல்ல நின்னு, மூக்கைப் பொத்திக்கிட்டு, மூச்சு விட முடியாம இழுத்துக்கிட்டிருந்தார். என்னைப் பாத்ததும் போனைக் காதுல வெச்சு, 'சொல்லுங்க சார்'னார்."

அம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"எங்களுக்காக அவர் அடக்கிக்கிட்டாரும்மா. யாராவது ஒருத்தர் தும்மணுமில்ல?"