செவலைக்கு வந்த மவுசு

தெருநாய் செவலைக்கு வேலை கிடைத்தது இப்படித்தான். பஞ்சு என்ற பொமரேனியனை யாரும் திருடிவிடக் கூடாதென்று அந்த வீட்டில் சிப்பாய் என்ற ராஜபாளையத்து நாயை வாங்கினார்கள். வாங்கிய பிறகு, சிப்பாயையே திருடிவிட்டால் என்ன செய்வதென்று பயம் பிடித்தது. உடனே செவலையைக் கூப்பிட்டு வாசலில் காவல் வைத்தார்கள்.

"திருட வர்றவன் உன்னை மட்டும் தொட மாட்டான். அதனாலதான் உனக்கு இந்த வேலை," என்றது சிப்பாய்.

அன்றைக்குச் செவலைக்குச் சோறே இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் திருடன் சுவரேறிக் குதித்தான். குரைத்துத் தொலைக்குமே என்று முதலில் செவலையின் மேல் சாக்கைப் போட்டு அமுக்கினான். பஞ்சு பாய்ந்து அவன் கணுக்காலைக் கவ்வியது. சிப்பாய் வேட்டியைப் பிடித்து இழுத்தது. வேட்டியை விட்டுவிட்டு ஓடியே போனான்.

சாக்கிலிருந்து வெளியே வந்த செவலைக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா? உங்களையெல்லாம் விட்டுட்டு என்னைத்தான் திருட வந்திருக்கான்!"

"அட, அவன் உன் வாயை மூடத்தான்..." என்று ஆரம்பித்த சிப்பாயின் காலைப் பஞ்சு நறுக்கென்று மிதித்தது.

"ஆமாண்ணே, உன்னையேதான்!" என்றது பஞ்சு.

மறுநாள் செவலை நடுக்கூடத்தில் கால்மேல் கால் போட்டுப் படுத்துக்கொண்டு, வாசலில் காவலிருந்த பஞ்சுவைப் பார்த்துக் கத்தியது: "கேட்டைச் சரியா சாத்தினியா? எவனாவது என்னைத் தூக்கிட்டுப் போயிடப் போறான்!"