குறைந்துகொண்டே வந்த மீன்கள்

கண்ணாடித் தொட்டியில் இன்றும் மீன்கள் குறைந்திருந்தன. அனற்றின் சந்தேகமெல்லாம் கணவனின் தம்பி ரொனி மேல்தான். வேலை போனதிலிருந்து அவன் அம்பிட்டியவில் இவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான்.

"குஞ்சுலயிருந்து நான் வளர்த்த கப்பி மீனுங்க. தானா பறந்து போகுமா?" என்று கணவனிடம் கேட்டாள். "திகனயில உங்க தம்பியோட கூட்டாளி வளர்ப்பு மீன் கடை வச்சிருக்கான். எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க."

"மெதுவாப் பேசு. அவன் உள்ளதான் இருக்கான்" என்றான் அம்புறோஸ்.

"கேக்கட்டுமே. நாம வேலைக்குப் போனா வீட்டுல வேற யாரு இருக்கா?"

ரொனி பையோடு வெளியே வந்தான். "போயிட்டு வாறேன் அண்ணி" என்றான். அண்ணன் தடுத்தும் நிற்கவில்லை.

மறுநாளும் மீன் குறைந்தது. அனற் தொட்டியருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடையில் அவளே ஆசையாய் வாங்கி வந்து வைத்த செடிகளுக்கு நடுவிலிருந்து, வாடிய இலையொன்று காம்பு கீழாகச் சாய்ந்து மிதந்து வந்தது. எடுத்து வீசலாமென்று கையை நீட்டினாள். அதற்குள் அந்த இலை வாயைப் பிளந்து, அருகே வந்த கப்பியை விழுங்கிவிட்டு, மறுபடி இலையாகவே நின்றது.

உடனே ரொனிக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, செடியோட சேர்ந்து இலை மாதிரியே ஒரு மீன் வந்திருக்கு..."

"தெரியும் அண்ணி. நான் முந்தியே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். என்னையக் கண்டதும் உங்க கைப்பைய எடுத்து அலுமாரில வச்சுப் பூட்டுனீங்க. அப்படியே திரும்பிட்டேன்."